வி.கே.புரத்தில் ஒரு கால் டாக்டர்: சொந்தக் கிளினிக்கா, விலைக்கு வாங்கிய கிளினிக்கா?

பாபநாசம் படித்துறையில் குளித்து, கோயிலில் கும்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்கிற ஒரு பெரியவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பத்தடி போயிருப்பார். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணாச்சி, ஒத்தச் செருப்பு இங்கனயே கெடக்கு!"

பெரியவர் குனிந்து பார்க்கிறார். வலது காலில் செருப்பு இல்லை. "கால்ல கெடக்குன்னுல்லா நெனச்சேன்" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறார். கூப்பிட்டவரும் சிரிக்கிறார்.

சிரிக்கிற விஷயமே இல்லை இது. செருப்பு கழன்றது காலுக்குத் தெரியவில்லை என்றால், பல வருஷ சர்க்கரை நோயில் பாதத்து நரம்புகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இன்றைக்குச் செருப்பு. நாளைக்கு முள் குத்தினாலும் தெரியாது. சித்திரை மாத மத்தியானத்தில் கோயில் பிரகாரக் கல்லில் நடந்து பாதம் கொப்பளித்தாலும் தெரியாது. புண் வந்து, அழுகி, வீட்டில் இருக்கிறவர்களுக்கு நாற்றம் அடித்த பிறகுதான் தெரியும். அதற்கப்புறம் அந்தக் கால் எத்தனை விரலோடு வீட்டுக்குத் திரும்பும் என்பது அதிர்ஷ்டம்.

இந்தப் பெரியவரின் காலைப் பார்க்கத்தான் உலகத்தில் ஒரு தனிப் படிப்பே இருக்கிறது. பெயர் போடியாட்ரி. தமிழில் பாத மருத்துவம் என்று சொல்லலாம். விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, வெளியூரில் மருத்துவம் படித்து, பாத சிகிச்சையில் பயிற்சியும் எடுத்துக்கொண்ட ஒரு பையனோ பெண்ணோ ஊருக்குத் திரும்பி வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் முன்னால் இரண்டு வழி. ஒன்று, புதுசாக போர்டு மாட்டி சொந்தமாகத் தொடங்குவது. இரண்டு, வயதாகி ஓய்வு பெறப்போகிற ஒரு டாக்டரின் கிளினிக்கை அப்படியே விலைக்கு வாங்குவது.

வீட்டில் எல்லாரும் சொல்லுவது இரண்டில் ஒன்றைத்தான். அப்பா "லோன் போட்டு நம்ம எடத்துலயே கட்டு" என்பார். மாமா "ஓடுற கிளினிக்கை வாங்கிப் போடு, மொதல் நாளே கூட்டம் வரும்" என்பார். இரண்டுமே தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன தொழில்?

அமெரிக்காவில் போடியாட்ரி என்பது தனி மருத்துவப் பட்டம். பட்டப்படிப்புக்குப் பிறகு நான்கு வருஷம் படித்து, அதற்கு மேல் பயிற்சியும் முடித்தால் பாதத்தில் அறுவை சிகிச்சை வரை செய்யலாம். பிரிட்டனில் அந்தப் பெயரைப் பலகையில் போடுவதற்கே பதிவு வேண்டும். அங்கே கிளினிக் விற்பதும் வாங்குவதும் வீடு விற்பது போல நடக்கிற காரியம்.

இங்கே கதை வேறு. எம்.பி.பி.எஸ். போல ஊர் முழுக்கத் தெரிந்த பட்டமாகப் பாத மருத்துவம் இன்னும் வளரவில்லை. அந்த வேலையைப் பொது அறுவை சிகிச்சை நிபுணர், சர்க்கரை நோய் நிபுணர், எலும்பு டாக்டர், பிசியோதெரபிஸ்ட் என்று ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 2021ல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் போடியாட்ரிஸ்ட் என்ற பெயரும் இடம் பிடித்திருக்கிறது. தொழிலுக்கு இப்போதுதான் பிறப்புச் சான்றிதழ் வந்திருக்கிறது என்று சொல்லலாம்.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பிசியோதெரபி படித்தவர் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கலாம், நடையைப் பார்க்கலாம், செருப்பு அளவு சொல்லலாம், பயிற்சி கொடுக்கலாம். ஆனால் அழுகிய சதையைக் கத்தியால் எடுப்பது மருத்துவரின் வேலை. "கால் டாக்டர்" என்று ஊர் கூப்பிடுகிறது என்பதற்காக எல்லாரும் கத்தி எடுக்கக் கூடாது. கிளினிக் தொடங்குவதா வாங்குவதா என்று யோசிக்கிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "என் படிப்பு எதுவரைக்கும் அனுமதிக்கிறது?" என்பதே.

தேவை இருக்கிறதா என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். அதாவது ஏழு பேரில் ஒருவர்.

வி.கே.புரத்துக் கால்களுக்கென்று தனிக் கஷ்டங்களும் உண்டு. இது 1880களில் அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய பஞ்சாலையால் வளர்ந்த ஊர். ஷிப்டு ஷிப்டாக நின்றே வேலை பார்த்த தலைமுறைக்கு இன்று வயதாகிவிட்டது. வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சேற்றுப்புண். பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுக்கக் காலை மடக்கியே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் வெறுங்கால்கள் எத்தனை!

தேவை இருக்கிறது சரி. ஆனால் தேவை இருப்பதும், காசு கொடுத்து வருவதும் வேறு வேறு.

வாங்கினால் என்ன கிடைக்கும்?

மாமா சொன்ன வழியை முதலில் பார்ப்போம். ஓடுகிற கிளினிக்கை வாங்குவது.

அல்வாக் கடையை வாங்கினால் பக்குவத்தையும் சேர்த்து வாங்கலாம். மாஸ்டர் அதே ஆள், கோதுமைப் பால் அதே பால், தாமிரபரணித் தண்ணீர் அதே தண்ணீர். முதலாளி மாறியது வாடிக்கையாளர் நாக்குக்குத் தெரியாது. கிளினிக் அப்படி இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் முப்பது வருஷமாகக் கூட்டம் வருகிறது என்றால் அதற்குக் காரணம் கட்டிடமோ கம்பவுண்டரோ அல்ல. "அவரு கைராசி" என்பார்கள். அவர் தொட்டால் சரியாகும், அவர் பார்த்தால் பாதி நோய் போய்விடும் என்ற நம்பிக்கை. அந்தக் கையை யாரும் பத்திரம் எழுதிக் கொடுக்க முடியாது. பெரியவர் நாற்காலியில் இருந்து எழுந்ததும், அவர் ஆட்களில் பாதிப் பேர் அம்பாசமுத்திரத்துக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறிவிடுவார்கள்.

அது மட்டும் அல்ல. விற்பனைக்கு வருகிற கிளினிக் காய்ச்சலும் இருமலும் பார்த்த பொது கிளினிக்காகத்தான் இருக்கும். பாத சிகிச்சைக்கென்றே ஓடிக்கொண்டிருக்கும் கிளினிக் இந்தப் பள்ளத்தாக்கில் விற்பனைக்கு வருவது எளிதில் நடக்காது. காய்ச்சலுக்கு வந்த கூட்டத்தை விலை கொடுத்து வாங்கி, அவர்களிடம் "காலைக் காட்டுங்கள்" என்று கேட்பது, டீக்கடையை வாங்கி வேட்டி விற்பது மாதிரி.

இதற்கு மேலும் வாங்கியே தீருவேன் என்கிறவர் சில விஷயங்களையாவது பார்க்க வேண்டும்.

ஒன்று, கடைசி மூன்று வருஷ நோயாளிப் பதிவேடு. மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட, ஒரே ஆள் எத்தனை தடவை திரும்பி வந்தார் என்பதே முக்கியம். பதிவேடே இல்லை என்றால் அங்கே விற்பதற்கும் ஒன்றும் இல்லை.

இரண்டு, கட்டிடத்தின் வாடகை ஒப்பந்தம் யார் பேரில், இன்னும் எத்தனை வருஷத்துக்கு? டாக்டரின் முகத்துக்காகக் குறைந்த வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் புது ஆளிடம் மூன்று மடங்கு கேட்கலாம்.

மூன்று, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (1997) கீழ் பதிவு இருக்கிறதா? யார் பேரில்? மருத்துவக் கழிவை 2016ம் வருஷ விதிகளின்படி முறையாக அனுப்பிக்கொண்டிருந்தார்களா, அல்லது வாய்க்கால் கரையில் கொட்டினார்களா?

நான்கு, விற்றவர் அடுத்த தெருவிலேயே மறுபடியும் உட்கார்ந்தால் என்ன செய்வது? இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) 27ம் பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் அதற்கு ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. தொழிலின் நற்பெயரையும் சேர்த்து விற்றவர், நியாயமான ஒரு எல்லைக்குள் அதே தொழிலைச் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் அது செல்லும். இதை எழுதி வாங்காமல் நற்பெயருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தால்கூட, நாற்காலி, கட்டில், மேஜை, இடம் இவற்றுக்கு என்ன விலையோ அதைக் கொடுக்கலாம். கைராசிக்கு விலை கொடுப்பது வீண்.

சொந்தமாகத் தொடங்கினால்?

இப்போது அப்பாவின் வழி. இங்கே ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம்.

2011 கணக்கெடுப்பில் விக்கிரமசிங்கபுரம் நகராட்சியின் மக்கள் தொகை சுமார் 47 ஆயிரம். அதில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்கள் 32 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மாநில சராசரியான 14.4 சதவீதத்தை அப்படியே போட்டால் ஏறக்குறைய 4,600 பேருக்குச் சர்க்கரை நோய். அதில் பத்தில் ஒருவர் புது கிளினிக்குக்கு வருகிறார் என்று தாராளமாகவே நினைத்துக் கொள்வோம். 460 பேர். ஒருவர் வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால் 920 வருகை. ஆளுக்கு 200 ரூபாய் வாங்கினால் வருஷத்துக்கு 1 லட்சத்து 84 ஆயிரம். மாதத்துக்குப் பதினைந்தாயிரம் சொச்சம்.

ஒரு நாளைக்கு எத்தனை பேர்? 300 வேலை நாள் என்றால், மூன்று பேர்!

வாடகை, கரண்ட், ஒரு உதவியாளர் சம்பளம், கையுறை, பஞ்சு, மருந்து... பதினைந்தாயிரம் அதற்கே போதாது. லோன் வட்டியை இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை.

"வருஷத்துக்கு இரண்டு முறைதானா? அடிக்கடி வரச் சொல்லலாமே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். சர்வதேச வழிகாட்டுதல் என்ன சொல்கிறது என்றால், பாதத்தில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருப்பவருக்கு வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை போதும். உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ, இரண்டில் ஒன்று குறைந்தவருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஒரு முறை. இரண்டும் குறைந்திருந்தாலோ, கூடவே பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஏற்கெனவே புண் வந்து ஆறியவருக்கும் விரல் எடுத்தவருக்கும்தான் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நல்ல காலை வாரா வாரம் வரச் சொல்வது வைத்தியம் ஆகாது, வசூல்தான் ஆகும்.

யாரும் பேசாத விஷயம்

இந்தக் கணக்கின் அடியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. முக்கியமானது அதுதான்.

புண் இல்லாத கால் வருஷத்துக்கு 200 ரூபாயோ 400 ரூபாயோ தரும். புண் வந்த கால்? தினமும் டிரஸ்ஸிங். மாதக் கணக்கில் வரும். ஆன்டிபயாடிக், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அப்புறம் ஒரு விரல் ஆபரேஷன். ஒரு புண் தருகிற வருமானத்தை நூறு நல்ல கால்கள் சேர்ந்தாலும் தராது.

அதாவது கால் டாக்டர் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ, அவ்வளவுக்கு வருமானம் குறையும்! புண்ணே வராமல் பார்த்துக்கொண்டால் கிளினிக் காலி. இது எந்த டாக்டரின் குணத்தைப் பற்றிய குற்றச்சாட்டும் இல்லை. தொழிலின் அமைப்பே அப்படி இருக்கிறது. கையில் கடன் இல்லாதவர் இந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டு நிற்கலாம். மாதம் முப்பதாயிரம் தவணை கட்ட வேண்டியவர் எத்தனை நாள் நிற்பார்? முதல் வருஷம் "செருப்பை மாத்துங்க அண்ணாச்சி" என்று அரை மணி நேரம் பேசுவார். மூன்றாவது வருஷம் அந்த அரை மணி நேரத்தில் இரண்டு டிரஸ்ஸிங் முடித்துவிடுவார். கெட்டவராக மாறியிருக்க மாட்டார். தவணை தேதி அவரை மாற்றியிருக்கும்.

லோன் போட்டுக் கட்டுவது, லோன் போட்டு வாங்குவது இரண்டுமே தப்பு என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான். நட்டம் வரும் என்பது ஒரு பயம். அதை விடப் பெரிய பயம், லாபம் வருகிற ஒரே வழி புண்கள் வழியாக மட்டுமே என்று ஆகிவிடுவது.

ஒரு பழைய பாடம்

இந்தத் துறையில் உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. வேலூர்.

1914ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கையும் காலும் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்று தேடினார். நோயே சதையைத் தின்கிறது என்று அதுவரை பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிராண்ட் கண்டுபிடித்தது வேறு. நோய் எடுத்துக்கொண்டது வலியை மட்டும்தான். வலி இல்லாததால் ஆள் தெரியாமல் தானே காயப்படுத்திக்கொள்கிறார், காயத்தின் மேலேயே நடக்கிறார். கால் போவது அதனால்.

அப்படியென்றால் வைத்தியம் கத்தியில் மட்டும் இல்லை, செருப்பிலும் இருக்கிறது என்று புரிந்தது. மெத்தென்ற நுண்துளை ரப்பரை அடியில் வைத்துச் செருப்பு செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுப்பது அதன் தொடர்ச்சிதான். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டரும் செருப்புத் தைக்கிறவரும் ஒரே காலைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், தொழுநோயில் கற்ற இதே பாடத்தை சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருத்திக் காட்டினார்.

வி.கே.புரத்து இளம் டாக்டருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. அவருக்கு முதல் கூட்டாளியாக வர வேண்டியவர் பேங்க் மேனேஜர் இல்லை, செருப்புத் தைக்கிறவர். பெரியவரின் பாதத்தில் எந்த இடம் அழுந்துகிறது என்று டாக்டர் குறித்துக் கொடுக்க, அந்த இடத்தில் அழுத்தம் விழாமல் அடி அட்டையை வெட்டித் தருகிற ஒரு கை வேண்டும். அது இருந்தால் பாதிப் புண்கள் வராது. அந்தக் கைக்கும் நியாயமான கூலி கிடைக்கும்.

மூன்றாவது வழி

சரி, லோனும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம் என்றால் என்னதான் செய்வது?

மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று பேர் என்பது ஆறு நாளைக்குப் பதினெட்டுப் பேர். இந்தப் பதினெட்டுப் பேரையும் ஒரே நாளில் பார்த்தால்? ஆளுக்கு இருபது நிமிஷம், ஆறு மணி நேரம். மீதி ஐந்து நாளும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்ட வேண்டியதில்லை.

ஆகவே தனி கிளினிக்கே வேண்டாம். ஏற்கெனவே கூட்டம் வருகிற ஒரு பொது டாக்டரின் கிளினிக்கில் வாரம் ஒரு நாள் ஒரு அறை. செவ்வாய் வி.கே.புரம், புதன் அம்பாசமுத்திரம், வியாழன் கல்லிடைக்குறிச்சி, வெள்ளி சேரன்மகாதேவி, சனி கடையம். எல்லாம் பஸ் போகிற ஊர்கள். வி.கே.புரத்தில் வருகிற வருமானத்தில் பாதிதான் மற்ற நான்கு ஊரிலும் வருகிறது என்று வைத்தாலும் மாதம் நாற்பத்தைந்தாயிரத்தைத் தொடும். அறைக்கு வாடகையும் பஸ் செலவும் போக மீதி நிற்கும். பணக்காரர் ஆக முடியாதுதான். ஆனால் யாருடைய புண்ணையும் எதிர்பார்க்க வேண்டிய நிலையும் இருக்காது.

தேவையான சாமான்கள் ஒரு தோள்பையில் அடங்கும். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழை, உணர்ச்சியைச் சோதிக்க. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க. ரத்த ஓட்டத்தைக் கேட்க ஒரு கை டாப்ளர். நகம் வெட்டவும் கால் ஆணியைச் சீவவும் சுத்தம் செய்த கருவிகள். டாப்ளர்தான் இதில் விலை கூடியது.

இந்தப் பையோடு வருகிறவர் செய்யப்போகிற வேலையில் பாதி பேச்சுதான். கால் ஆணிக்கு மெடிக்கல் ஷாப்பில் விற்கும் ஆசிட் பிளாஸ்டரை ஒட்டாதீர்கள். சவரன் பிளேடால் நீங்களே சீவாதீர்கள். வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். செருப்பைப் போடும் முன் உதறுங்கள். ராத்திரி படுக்கும் முன் பேத்தியை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்க எளிது. ஆனால் யாராவது ஒருவர் காலைத் தொட்டுப் பார்த்துச் சொன்னால்தான் மனதில் நிற்கிறது.

அறை வாடகை விஷயத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. மாதம் இவ்வளவு என்று நிலையான வாடகைதான் கொடுக்க வேண்டும். அனுப்புகிற நோயாளிக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் கொடுத்தால் அது கமிஷன். 2002ம் வருஷ மருத்துவ நெறிமுறை விதிகள் அதைத் தடை செய்கின்றன. அதே விதிகள், புதிதாகத் தொழில் தொடங்கினால் பத்திரிகையில் முறையான அறிவிப்பு கொடுக்க அனுமதிக்கின்றன. ஊர்வலமும் பேனரும் தேவையில்லை, நான்கு வரி அறிவிப்பு போதும்.

மறுத்துச் சொல்லக் கூடியவை

"அரசாங்கமே இலவசமாகப் பார்க்கும்போது இவரிடம் யார் வருவார்கள்?" நியாயமான கேள்வி. 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அம்பாசமுத்திரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965லிருந்து இந்த வட்டாரத்தின் பெரிய ஆஸ்பத்திரி. ஆனால் வி.கே.புரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வலிக்காத காலைக் காட்ட ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. வலிக்காத கால்தான் ஆபத்தான கால் என்பதுதானே இந்த நோயின் கொடுமை! ஊருக்குள் வருகிற டாக்டர் அரசு மருத்துவமனைக்குப் போட்டியில்லை. சரியான நேரத்தில், காலை இழக்கும் முன், அங்கே அனுப்பி வைக்கிற ஆள்.

"சொந்தமாக ஒரு இடம் இல்லாமல் மரியாதை வருமா?" என்பது இரண்டாவது. போர்டு மாட்டினால் வருகிற மரியாதை திறப்பு விழா அன்றோடு சரி. ஒரு ஆச்சியின் காலைக் காப்பாற்றினால் அந்தத் தெரு முழுக்கப் பேசும். கைராசி என்ற சொல்லை அப்படித்தான் சம்பாதிக்க முடியும்.

"புண்ணோடு வருகிறவரைத் திருப்பி அனுப்புவதா?" கூடாது. முதலுதவி செய்து, அழுத்தம் விழாமல் கட்டி, தகுதியுள்ள அறுவை சிகிச்சை நிபுணரிடம் அன்றைக்கே அனுப்ப வேண்டும். வாரம் ஒரு நாள் மட்டும் வருகிறவர் ஆறு நாள் கழித்துப் பார்க்கிறேன் என்று புண்ணைத் தள்ளிப் போடுவது குற்றத்துக்குச் சமம். இந்த மூன்றாவது வழியின் பலவீனம் இதுதான், மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் அம்பாசமுத்திரத்திலோ திருநெல்வேலியிலோ ஒரு நிபுணரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாமல் முதல் நாளைத் தொடங்கவே கூடாது.

அப்படியானால் எப்போது சொந்தக் கிளினிக்?

எப்போதுமே வேண்டாம் என்று இல்லை. அதற்கு ஒரு அடையாளம் உண்டு. வருமானத்தைப் பார்க்க வேண்டாம், கூட்டத்தைப் பார்க்க வேண்டாம். நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதி வந்தால் போதும். புண்ணோடு வந்த கால் எத்தனை, புண் இல்லாமல் வந்த கால் எத்தனை.

முதல் வருஷம் புண்ணோடு வந்தவர்களே அதிகம் இருப்பார்கள். வலித்தால்தான் வைத்தியரைப் பார்ப்பது என்ற பழக்கம் ஒரே வருஷத்தில் மாறாது. இரண்டாவது, மூன்றாவது வருஷம் அந்தப் பத்தி குறைந்து, "சும்மா காலைக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்கிறவர்கள் கூடினால், ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சும்மா வருகிறவர்களை மட்டும் வைத்தே வாடகையும் சம்பளமும் கொடுக்க முடிகிறதா என்று அன்றைக்குக் கணக்குப் பார்க்கலாம். முடிகிறது என்றால் தாராளமாக இடம் பிடிக்கலாம், கட்டலாம், வேண்டுமானால் பழைய கிளினிக் ஒன்றின் கட்டிடத்தையும் வாங்கலாம்.

முடியவில்லை என்றால், தோள்பையே போதும். செவ்வாய்க்கிழமை காலை பஸ் எப்படியும் வரும்.

படித்துறையில் செருப்பை விட்டுவிட்டு நடந்த பெரியவருக்கு, அவர் காலைப் பார்க்கிற டாக்டர் சொந்தக் கட்டிடத்தில் இருக்கிறாரா, வாடகை அறையில் இருக்கிறாரா என்பதில் எந்த அக்கறையும் இல்லை. செருப்பு கழன்ற அந்த வாரத்திலேயே யாராவது ஒருவர் அவர் உள்ளங்காலில் அந்த நைலான் இழையை வைத்து, "தெரியுதா தாத்தா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க ஆள் இருந்தால் கால் மிஞ்சும். கிளினிக் யார் பேரில் இருந்தால் என்ன?